மலைமேல் நின்றுவிடலாமா?

கோடை விடுமுறை நெருங்கினால் சிந்தாதிரிப்பேட்டைக் குடும்பங்கள் பல மலைநாட்டுப் பயணத்திற்குத் திட்டமிடுகின்றன. கூவம் ஆற்றின் வளைவுக்குள் நெருங்கி வாழும் நமக்குக் குளிர்காற்றின் மீது ஆவல் எழுவது இயல்பே. மூணாறு செல்வோர், 2024இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற கார்மேல் மாதா ஆலயத்தில் செபித்தபின், பெரும்பாலும் இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காணப் புறப்படுகின்றனர். அம்மலையைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பூங்கா என்றவுடன் பூச்செடிகளும் ஊஞ்சல்களும் நிறைந்த இடமென எண்ணிவிடலாகாது. இது 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. இமயத்திற்குத் தெற்கே நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்துடன் இங்குதான் நிமிர்ந்து நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் இச்சரிவுகளுக்கு நீலப் போர்வை போர்த்தியது.

மலைமுதுகெங்கும் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அப்புல்வெளி வெறும் தரிசாகத் தோன்றும். ஆனால் பெய்யும் மழையைப் புல்லின் வேரும் சோலையின் மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு வழங்குகின்றன. கிழக்கே இறங்கும் ஓடைகள் பாம்பாற்றில் கலக்கின்றன. பாம்பாறு அமராவதியாகி, கரூர்ப் பக்கம் காவிரியைச் சேருகிறது. காவிரி நீரோ வீராணம் ஏரியை நிரப்பி, 2004 முதல் சென்னைக்கும் வந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுக் குடத்தில் அம்மலையின் துளி ஒன்றேனும் இருக்கக்கூடும். கூவத்தின் கரையில் வாழும் நமக்கு, ஆற்றைக் கெடுப்பது எளிது, மீட்பது அரிது என்று பிறர் சொல்லவேண்டியதில்லை.

உயர்ந்த மலைகளை இறைவன் மலையாடுகளுக்கு உறைவிடமாகத் தந்தார் என்று 104ஆம் திருப்பாடலின் ஆசிரியர் மகிழ்கிறார். அவர் சொன்னதை இரவிகுளத்தில் கண்ணாரக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை. எஞ்சியுள்ள கூட்டங்களுள் மிகப் பெரியது இங்குள்ளதே. அதைக் காக்கவே 1975இல் இவ்விடம் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் பேருந்தில் இராஜமலை சென்று நடப்போரின் அருகிலேயே அவை அச்சமின்றி மேய்கின்றன. வேட்டையாடுவோர் கைக்குத் தப்பிய ஓர் உயிர் மனிதனை மீண்டும் நம்புவது சிறிய காரியமன்று.

ஆனால் அழகோடு நம் பார்வை நின்றுவிடலாகாது. இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு இருந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து, ஓடையருகே இருந்த லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டோர் அவர்களுள் பலர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால், மறுநாள் காலையில்தான் வெளியுலகம் செய்தியறிந்தது.

அந்த நாள் ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. உயர்ந்த மலையில் ஆண்டவரின் மாட்சியைக் கண்ட பேதுரு, மூன்று கூடாரம் அமைத்து அங்கேயே தங்கிவிட விரும்பினார். ஆண்டவரோ சீடர்களைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் பிணியுற்ற மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார். மலைக்காட்சி நம்மை மனிதரிடம் இறங்கிவரச் செய்யவில்லையெனில், நாம் கண்டது பாதியே.

பெட்டிமுடியின் துயரை இறைத்தண்டனை என்று எவரும் சொல்லற்க. செங்குத்துச் சரிவின் அடியில், வெள்ளம் வரும் வழியில் ஏழைக்கு வீடு அமைவது ஏன் என்று கேட்பதே கிறிஸ்தவக் கடமை. நாம் நாள்தோறும் பருகும் தேநீருக்குப் பின்னால் அத்தகைய லயங்கள் இருக்கின்றன.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளை அம்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வரையாடு குட்டியீனும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படும். அப்போது வாயிலில் நின்று வற்புறுத்தாதீர்கள். ஆடுகளுக்குத் தின்பண்டம் தராதீர்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றையும் விட்டு வராதீர்கள். இராஜமலையில் நிற்கும்போது ஆனைமுடியைக் காட்டுங்கள். பெட்டிமுடியின் திசையையும் காட்டுங்கள். அங்கே மண்ணுக்குள் மறைந்த எழுபது பேருக்காகக் குடும்பமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பயணத்திற்குச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பங்கை, திரும்பி வந்ததும் நம் தெருவில் ஒழுகும் கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பத்திற்கு ஒதுக்குங்கள்.