நம் கையால் ஒரு பொம்மை

நவராத்திரி நெருங்கும்போது, ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு காரியம் தவறாது நிகழ்கிறது. பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அவற்றுள் இரண்டொன்று வர்ணம் உதிர்ந்தும் மூக்குத் தேய்ந்தும் காணப்படுகின்றன. "இதை இனி எங்கே வைப்பது?" என்ற கேள்வி எழுகிறது. அந்தப் பொம்மை மீண்டும் பெட்டிக்குப் போகிறது. சில ஆண்டுகளில் பெட்டியிலிருந்தும் மறைந்து விடுகிறது. ஒன்பது படி ஏழாகி, ஏழு ஐந்தாகி, ஐந்து மூன்றாவது இவ்வாறுதான். இதற்கு மாற்று உண்டா என்று தேடப்போய், முப்பது வயது கடந்தபின் நாம் தூரிகை பிடிக்கக் கற்ற விவரத்தை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஓவியரல்லர். பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவர். கிழக்கு பெங்களூர் ரயில் நிலையத்துக்கு அணித்தே, ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறோம். நம் தாயார் மணமாகி வந்தபோது உடன் கொண்டு வந்தது, பண்ருட்டியில் செய்த காகிதக்கூழ்ச் செட்டியார் பொம்மை ஒன்று. தொந்தியும் சந்தனப் பொட்டுமாக அமர்ந்திருக்கும் அவர்முன் அரிசியும் பருப்பும் வைத்துக் கடை பரப்புவது நம் வீட்டு வழக்கம். மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னைக் கொசப்பேட்டை ஆகியவற்றைப் போலவே பண்ருட்டியும் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதை நேயர்கள் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அச்செட்டியாரின் கன்னத்தில் வர்ணம் பொரிந்திருந்தது. அதைச் சீர்செய்து தாயாரை மகிழ்விக்க எண்ணி, கதவுக்குப் பூசும் எனாமல் வர்ணத்தை வாங்கி வந்து, முகம் முழுவதும் தாராளமாகப் பூசிவிட்டோம். வர்ணம் வழிந்து கண்குழியில் தேங்கியது. உதட்டின் வளைவு மறைந்தது. உலர்ந்தபின் பார்த்தால், செட்டியார் இருந்த இடத்தில் முட்டை ஓடு போன்ற வெறுமுகம் ஒன்று நின்றது. துடைத்தெடுக்க வழியில்லை. அடியிலிருந்த பழைய வர்ணம் என்றென்றைக்குமாகப் போயிற்று.

தாயார் கோபிக்கவில்லை. பொம்மையைக் கையிலெடுத்துச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "இவர் சிரிச்ச முகமா இருப்பாரேடா தம்பி" என்று மட்டும் சொன்னார். அவ்வாண்டும் செட்டியாரைக் கொலுவில் வைத்தார். ஆனால் ஒரு தூணின் ஓரமாக வைத்தார். அந்த வாக்கியமே நம்மைப் பயிற்சிக்குத் தள்ளியது.

நிற்க. நமக்கு அண்மையிலுள்ள பாட்டரி டவுனில் மண்பாண்டமும் அகல்விளக்கும் பிள்ளையார் உருவங்களும் செய்யும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அங்கே சென்று, வர்ணமிடாத சிறு சுடுமண் பொம்மைகள் ஆறு வாங்கினோம். ஒவ்வொன்றும் ஒரு விரல் உயரம். விற்ற பெரியவரிடம், "ஐயா, இதற்கு எப்படி வர்ணமிடுவது?" என்று கேட்டோம். "தம்பி, மண்ணு தண்ணியைக் குடிக்கும். முதல்ல அதன் தாகத்தைத் தீர்த்துடுங்க" என்றார். கலையின் பாதி அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது.

மேல்நாட்டில் சிறு உருவங்களுக்கு வர்ணமிடுவது பெரியதொரு பொழுதுபோக்கு. 1893-இல் வில்லியம் பிரிட்டன் என்னும் ஆங்கிலேய நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. 1913-இல் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அத்தகைய சிப்பாய்களைக் கொண்டு ஆடும் விளையாட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அம்மரபில் வந்தவர்கள் இன்று கையாளும் முறைகளைப் படித்தபோது, அவை அப்பெரியவர் சொன்னதோடு பெரிதும் ஒத்திருக்கக் கண்டோம். அந்த முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, அடிப்பூச்சு. சுடுமண் நுண்துளைகள் நிறைந்தது. நேரே தீட்டும் வர்ணத்தை உறிஞ்சி மங்கச் செய்துவிடும். ஆகவே தூசி துடைத்து, நீர்த்த வெள்ளை வர்ணத்தை இருமுறை பூசி, ஓரிரவு உலரவிட வேண்டும். வெண்மையின்மேல் எவ்வர்ணமும் ஒளிபெறும்.

இரண்டாவது, வர்ணத்தின் பதம். ஆரம்பப் பயிற்சிக்கு அக்ரிலிக் வர்ணமே உகந்தது. ஈரமாயிருக்கும்வரை நீரில் கரையும். உலர்ந்தபின் நீர் பட்டாலும் கரையாது. தட்டில் சில துளி நீர்விட்டுப் பாலின் பதத்துக்குக் கொணர்க. தடித்த ஒரு பூச்சினும் நீர்த்த மூன்று பூச்சுகள் மேல். தடித்த வர்ணம் மூக்கையும் விரலையும் மூழ்கடித்துவிடும் என்பதற்கு நம் செட்டியாரே சாட்சி.

மூன்றாவது, வரிசை. உடலின் நிறம் முதலில், அதன்மேல் ஆடை, பின்னர் கேசம், அப்பால் நகை. உள்ளே இருப்பதை முதலிலும் மேலே இருப்பதைப் பின்னரும் தீட்டினால், கைதவறிப் பட்ட கறையை அடுத்த வர்ணம் மறைத்துவிடும்.

நான்காவது, நிழல். நம் உடம்பில் ஆடையின் மடிப்புகளில் வெளிச்சம் தானே நிழலிடுகிறது. விரலளவுப் பொம்மையிலோ மடிப்பு அத்தனை ஆழமில்லை. நிழல் போதிய அளவு விழாது. அதனை நாமே தீட்ட வேண்டும். பழுப்பு வர்ணத்தை நன்கு நீர்த்து ஆடைமேல் ஒருமுறை தடவினால், அது தானாகவே பள்ளங்களில் இறங்கித் தங்கும். உலர்ந்தபின், துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்திய தூரிகையால், சற்று வெளிறிய வர்ணத்தை மேடுகளின்மேல் மெல்ல உரசுக. மண்பொம்மை துணி உடுத்தது போலாகும்.

தூரிகைகள் மூன்று போதும்: 2, 0, 000 என்னும் எண்ணுள்ளவை. மயிரின் முனை கீழாக நீரில் நிறுத்தி வைக்கலாகாது. முனை வளைந்து கெடும். மயிரைப் பற்றியிருக்கும் உலோகக் கவசம்வரை வர்ணத்தில் தோய்ப்பதும் தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் அமலாக்கியது. அதற்கு முற்பட்ட பொம்மைகளின் வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது குழந்தைகளுக்குக் கேடு. ஈரத்துணியால் மெல்ல ஒற்றுவதோடு நிறுத்துக. பின் கையைக் கழுவுக.

இறுதியாகக் கண். திருவுருவங்களுக்குக் கண் திறப்பதைச் சிற்பிகள் கடைசியில் வைத்திருப்பதன் காரணம் பக்தி ஒன்றே என்று எண்ணியிருந்தோம். அதில் தொழில்நுட்பமும் உண்டென்று இப்போது தோன்றுகிறது. அதுவரை செய்த வேலையில் கை படிந்த பின்பே கண்ணைத் தொட முடியும். முழங்கைகள் இரண்டையும் மேஜையில் ஊன்றி, முதலில் மேலிமைக் கோட்டையும், அதன்கீழ் வெண்மையையும், அதன்மேல் கருவிழிப் புள்ளியையும் இடுக. புள்ளி இமைக்கோட்டைத் தொட்டுக் கொண்டிருக்கட்டும். நடுவில் மிதந்தால் பொம்மை திகைத்து விழிக்கும். நமது முதல் மூன்று பொம்மைகள் அவ்வாறே விழித்தன. நான்காவது மாறுகண் கொண்டது. ஐந்தாவது ஒருவாறு நம்மை நோக்கியது.

ஆறாவதை நம் மகள் எடுத்துக் கொண்டாள். அது தலைச்சுமையுடன் நிற்கும் உழவன். அவள் அதற்குச் சிவப்புச் சட்டை தீட்டி, "இவர் ஸ்டேஷன் போர்ட்டர் அப்பா" என்றாள். அவ்வாண்டு கொலுவின் கீழே மணல் பரப்பித் தண்டவாளமிட்டு அவரை நிறுத்தினோம். எதிர்வீட்டுக் கன்னட அம்மாள் தாம்பூலம் வாங்க வந்தார். அவர்கள் வீட்டிலும் இதே நாட்களில் அரசன், அரசிப் பொம்மைகளை வைத்துக் கொண்டாடுவது வழக்கம். முதலில் அவர் குனிந்து பார்த்தது அந்தப் போர்ட்டரைத்தான்.

ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் துணிந்து செட்டியாரைக் கையிலெடுத்தோம். தாயார் பக்கத்தில் அமர்ந்து, உதடு எங்கே வளைந்தது, பொட்டு எவ்வளவு பெரிது என்று ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லத் தீட்டினோம். முடிந்தபின் வெகுநேரம் நோக்கினார். "அவரில்லை. ஆனா அவரு தம்பின்னு சொல்லலாம்" என்றார். அவ்வாண்டு செட்டியார் தூணோரத்தை விட்டு நடுப்படிக்கு வந்தார்.

போன முகம் போனதுதான். ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் கூறுவது இரண்டே. பழைய பொம்மையில் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புங்கள். மிஞ்சியிருக்கும் வர்ணம் முன்னோர் கண்ட முகம், அதன்மேல் பூசாதீர்கள். கை பழகுவதற்குப் புதிய மண்பொம்மையை எடுங்கள். ஆண்டுதோறும் கொலுவுக்குப் புதுப்பொம்மை ஒன்று சேர்ப்பது நம் வழக்கமல்லவா? அந்த ஒன்றை இவ்வாண்டு குழந்தைகளோடு அமர்ந்து வீட்டிலேயே தீட்டுங்கள். மாறுகண்ணாக இருந்தாலும் படியில் வையுங்கள். நாளை அவர்கள் எவ்வூரில் குடியேறினாலும், "இது எங்கள் வீட்டில் தீட்டியது" என்று சொல்ல அவர்கள் பெட்டியில் ஒரு பொம்மை இருக்கும்.