வரண்ட நிலத்திற் பச்சைவீடுகள்: அல்மேரியா தரும் பாடம்

வளமான நிலம் அருகிய நாட்டுப்புறங்களுக்குப் பச்சைவீட்டு மரக்கறிச் செய்கை ஏற்றதொரு வழியென எடுத்துரைக்கப்படுவதுண்டு. இக்கூற்றின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே அறிந்துகொள்வதற்கு ஸ்பெயினின் தென்கிழக்கிலுள்ள அல்மேரியா மாகாணம் தக்க சான்றாகும்.

ஐரோப்பாவின் மிக வரண்ட பகுதிகளுள் ஒன்றான இங்கு ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மட்டுமே. கரையோரச் சமவெளியான கம்போ தே தாலியாஸ் நெடுங்காலம் வெறும் மேய்ச்சற்றரையாகவே கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிராங்கோ ஆட்சியின் குடியேற்ற நிறுவனம் கிணறுகளை அமைத்து, சிறு காணிகளை வறிய குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தது. ஆயின் மண்ணோ வளமற்றது, நீரோ உவர்ப்பானது.

இக்குறையை நீக்க உதவியது, அயல் மாகாணமான கிரனடாவின் கரையோர விவசாயிகள் கையாண்ட மணற்போர்வை முறையாகும். களிமண் படையின்மேல் எருவும், அதன்மேல் ஏறத்தாழ 10 சதமமீற்றர் தடிப்பில் மணலும் பரப்பப்பட்டன. மணல் ஆவியாதலைக் குறைத்தமையால் ஈரம் நிலைத்தது. உப்பு மேற்பரப்பிற் சேர்வதும் தணிந்தது. 1963ஆம் ஆண்டளவில், ரொக்கேற்றாஸ் தே மார் என்னுமிடத்தில், திராட்சைக்கொடி படர்த்தும் கம்பிப் பந்தலின்மேற் பொலித்தீன் விரிக்கப்பட்டது. அது கடுங்காற்றைத் தடுத்தது. பகலில் வெப்பமுற்ற வளி கலைந்து செல்லாது காத்தது. எனவே குளிர்காலத்திலும் தக்காளி, கறிமிளகாய், கெக்கரிக்காய் என்பன விளைந்தன. வட ஐரோப்பாவில் அவை அரிதாகிய பருவத்தில் நல்ல விலையும் கிடைத்தது. இன்று அம்மாகாணத்தில் 30,000 ஹெக்டயருக்கும் அதிகமான நிலம் பச்சைவீடுகளாயுள்ளது. அதிற் பெரும்பகுதி சிறு குடும்பப் பண்ணைகளின் கையிலேயே இருப்பதும், கூட்டுறவுச் சங்கங்கள் விற்பனையிற் பெரும்பங்கு வகிப்பதும் கருதத்தக்கன.

எனினும் இவ்வளர்ச்சியின் விலையையும் நாம் கணக்கிலெடுத்தல் வேண்டும். அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டமையால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, சில இடங்களிற் கடல்நீர் உட்புகுந்தது; கடல்நீரின் உப்பகற்றும் ஆலைகளை நாடவேண்டியதாயிற்று. கிழிந்த பொலித்தீன் கழிவாகக் குவிந்தது. குடும்ப உழைப்பால் தொடங்கிய செய்கை, காலப்போக்கில் மொரோக்கோவிலிருந்தும் ஏனைய ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தோரின் கூலி உழைப்பிற் தங்கலாயிற்று. அவர்களுட் பலர் பச்சைவீடுகளுக்கிடையே மின்சாரமும் குடிநீருமற்ற குடிசைகளில் வாழ்கின்றனர். 2000 பெப்ரவரியில், எல் எகிதோ நகரில் நிகழ்ந்த ஒரு கொலையைத் தொடர்ந்து, மொரோக்கோத் தொழிலாளர் அனைவர்மீதும் நாட்கணக்கில் வன்முறை ஏவப்பட்டமை இம்முரண்பாட்டின் ஆழத்தை உலகறியச் செய்தது. மறுபுறத்தில், பெரும் சில்லறை வணிக நிறுவனங்கள் கொள்வனவு விலையை அமுக்க, சிறு விவசாயி அச்சுமையைத் தொழிலாளியின் கூலியில் இறக்குகிறான்.

ஆகவே, பச்சைவீடு வளமற்ற நிலத்தையும் விளைநிலமாக்க வல்லது என்பதில் ஐயமில்லை. காணிப் பகிர்வும் கூட்டுறவும் இன்றேல் அதன் பயன் வறிய குடும்பங்களை எட்டியிராது என்பதும் தெளிவு. ஆனால் நீரைப் பொதுச்சொத்தாகக் கருதி அளவிட்டுப் பயன்படுத்தும் ஒழுங்கும், உழைப்போருக்கு உரிய கூலியும் உறைவிடமும் தொடக்கத்திலேயே திட்டத்தின் உறுப்புகளாதல் வேண்டும். அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டதன் விளைவையே அல்மேரியா இன்றும் சுமக்கின்றது.