படத்தின் விளிம்பில் ஊதா நிறம் ஏன்?

வெளிச்சமான வானத்தின் முன் நிற்கும் மரக்கிளையைப் படம் எடுக்கிறோம். படத்தைப் பெரிதாக்கினால் கிளையின் விளிம்பில் மெல்லிய ஊதாக் கோடு தெரிகிறது. மரத்தில் இல்லாத நிறம் படத்தில் எப்படி வந்தது?

வெள்ளொளி பல நிறங்களின் கலவை என்பதை அறிவோம். கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவில் விலக்குவதில்லை. ஒருவகைக் கிரௌன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 1.514, நீலத்திற்கு 1.522. வேறுபாடு சிறியதே. ஆயினும், 100 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள ஒற்றைக் குவிலென்சில் நீல ஒளி சிவப்பைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னதாகவே குவிந்துவிடும். ஒரு நிறம் கூர்மையாக விழும் இடத்தில் மற்றொன்று பரவி விழும். இதுவே நிறப்பிறழ்ச்சி. உருப்பெருக்கிக் கண்ணாடியின் ஓரத்தின் வழியே கறுப்பு எழுத்துகளைப் பார்த்தால் நீங்களே இதைக் காணலாம்.

லென்சில் இக்குறையை நீக்கவே முடியாது எனக் கருதிய நியூட்டன், 1668இல் ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். ஆனால் 1730களில் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேயர் வழி கண்டார். ஃபிளிண்ட் கண்ணாடி நிறங்களை அதிகமாகப் பிரிக்கும். ஆகவே, கிரௌன் குவிலென்சுடன் திறன் குறைந்த ஃபிளிண்ட் குழிலென்சைச் சேர்த்தால் நிறப்பிரிகை ஈடாகிவிடும்; குவிக்கும் திறன் மிஞ்சும். 1758இல் ஜான் டாலண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். கேமரா லென்சுகளிலும் இத்தத்துவமே பயன்படுகிறது. ஆனால் இவ்விணைப்பு இரண்டு நிறங்களையே சரியாக ஒன்றுசேர்க்கும். மற்றவை சற்று விலகி நிற்பதே விளிம்பு நிறத்துக்கு முக்கியக் காரணம்.

இதைக் குறைப்பது எப்படி? முதலில் வகையை அறியவேண்டும். ஒரே காட்சியைத் துளை எண் 2இலும் 8இலும் எடுத்துப் பாருங்கள். துளையின் விட்டம் நான்கில் ஒன்றாகும்போது, பரவிய நிறவட்டமும் அவ்வாறே சுருங்கும். கோடு மறைந்தால், நிறங்கள் முன்பின்னாகக் குவிந்ததே காரணம்.

படத்தின் மூலைகளில் மட்டும் கோடு மாறாமல் நின்றால், சிவப்பு, பச்சை, நீலப் பிம்பங்களின் அளவு வேறுபடுகிறது என்று பொருள். இதற்குத் துளையைச் சுருக்கிப் பயனில்லை. முக்கியப் பொருளை நடுவில் வைக்கலாம். அல்லது சிவப்பு, நீலப் பிம்பங்களைக் கணினியில் சற்றே பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பச்சையோடு பொருத்தலாம்.

கணினியில் ஊதாவை வெளுக்கச் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் லென்சின் ஊதாவுக்கும் கத்தரிப்பூவின் ஊதாவுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இழந்த கூர்மையும் திரும்பாது. எனவே படம் எடுக்கும்போதே குறையைக் குறைப்பது நல்லது.