பெயர் எழுதப்படாத தோணிகள்

கடல் கடந்து, மலை ஏறி – தொடர் 11

ஆடி பிறந்துவிட்டால் ஹல்துமுல்லைப் பக்கத்து லயங்களில் காற்றைப் பற்றிய பேச்சுத்தான். மேற்கே மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டும்போது வறண்டுபோன கச்சான் காற்று பெரகலைப் பக்கமாகச் சீறிக்கொண்டு வரும். தகரக் கூரை பறக்காமலிருக்கக் கல் ஏற்றி வைப்பார்கள். தோட்டத்து ஸ்டோரிலோ இந்தக் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். அந்த வறட்சியில் கொழுந்து மெல்ல வளரும், மணம் செறியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்புக் கிடைப்பது இந்தக் காற்றினால்தான்.

பாக்கு நீரிணையில் தோணிகளின் பாய்களை நிறைத்ததும் இதே கச்சான். பாய்க்கப்பலில் ஏறி அந்நிய மண்ணில் வாழ்க்கை தொடங்கியவர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அதற்கு லிப்டன் சீட்தான் பொருத்தமான இடம். மழை விட்ட காலையில் அந்த உச்சியில் நின்றால் கீழே தாழ்நிலம் விரிந்து கிடக்கும். அதன் தெற்கு விளிம்பில் கடல் ஒரு கோடாகத் தெரியும்.

கிளாஸ்கோவில் 1871இல் மளிகைக்கடை திறந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் இறங்கினார். அப்போது கோப்பி அழிந்து, தோட்டங்கள் மலிந்த விலைக்குக் கிடந்தன. கோப்பியை விழுங்கிய இலைநோய் இத்தீவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் நம் ஊவாவில்தான், மடுல்சீமையில், 1869இல். லிப்டன் வாங்கிய தோட்டங்களில், லிப்டன் சீட் இருக்கும் தம்பத்தென்னையும் ஒன்று. இங்கிலாந்தில் ஏறக்குறைய மூன்று ஷில்லிங் விற்ற ஓர் இறாத்தல் தேயிலையைப் பொட்டலம் கட்டி 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். பணம் குவிந்தது. 1898இல் எரின் என்ற நீராவி உல்லாசக் கப்பலை வாங்கினார். அரச குடும்பத்தவருக்கும் அதில்தான் விருந்து.

ஷாம்ரொக் என்ற ஒரே பெயரில் ஐந்து பந்தயப் பாய்க்கப்பல்களைக் கட்டி, 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். போட்டிக்கு வரும் கப்பலை வேறு கப்பலில் ஏற்றி அனுப்பக் கூடாது, அது தானே மிதந்து அத்திலாந்திக்கைக் கடந்து வரவேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் எஸெக்ஸ் கரையோரத்து மீனவர்களும் மாலுமிகளும் வாரக்கணக்கில் அதிலேயே உண்டு உறங்கி அமெரிக்கா போனார்கள். நான்காவது ஷாம்ரொக் 1914இல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டது. நியூயோர்க்கில் கரையேற்றப்பட்ட கப்பல் 1920இல்தான் பந்தயத்தில் ஓடியது. முதல் இரண்டு ஓட்டங்களில் வென்று, அடுத்த மூன்றிலும் தோற்றது. ஐந்தாவது ஷாம்ரொக் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் இருக்கிறது. எந்த ஷாம்ரொக்கின் நீளமும் பாயின் பரப்பும் வேண்டுமென்றாலும் தேடி எடுத்துவிடலாம்.

நம் பாட்டன்மார் ஏறி வந்த தோணி ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா?

கோப்பிக் காலத்தில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளுக்கு நடந்தே வந்தார்கள். அங்கே காத்திருந்தது மேல்தட்டு இல்லாத பாய்த்தோணி. சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஆட்களை ஏற்றினார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் காற்று விழுந்துவிட்டால் அந்தத் தூரம் நீண்டுகொண்டே போகும். குடத்துத் தண்ணீர் தீர்ந்துவிடும். காற்று மீறினாலோ தோணிக்குள் அலை ஏறும். குளத்தையும் கிணற்றையும் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத வானம் பார்த்த பூமிக்காரர்கள் அவர்கள். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தத் தாய்மார் கடலை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கரையேறியதும் துன்பம் தீரவில்லை. மன்னார், அரிப்புப் பக்கத்திலிருந்து மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல் காட்டுப் பாதை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. ஊவாவுக்கு வரவேண்டியவர்கள் மாத்தளைக்குப் பிறகும் நாட்கணக்கில் மலை ஏறினார்கள். அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893இல்தான். வந்து சேர்ந்த அன்றே கங்காணியின் கணக்கில் கடன் ஏறியிருக்கும்: ஊரில் வாங்கிய முன்பணம், தோணிக் கூலி, வழிச் சாப்பாடு. ஊர் திரும்ப நினைத்தவர்களையும் நிறுத்தி வைத்தது அந்தக் கடன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது. வட்டமான சிறு தகடு, மேலே ஒரு துளை, அதில் கோத்த கயிறு. தகட்டில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவரைப் பிரயாணச் செலவெல்லாம் கணக்கெழுதித் தோட்டம்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது பயணம் சுருங்கியது. கழுத்துத் தகடு அப்போதும் இருந்தது. தகட்டில் எண் இருந்தது, பெயர் இல்லை.

எழுதி வைத்தால் என்ன நிற்கும் என்பதற்கு வடக்கிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1928இலிருந்து 1931வரை ஸ்வாப் என்ற சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர் அவர். தம் மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டி அமெரிக்காவுக்கு வரவழைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்து, 1938இல் மசச்சூசெற்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. அதனால் அந்த மாலுமிகளின் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. நம்மவர் கடந்த கடல் அத்திலாந்திக்கைவிடச் சிறியது. கடந்தவர்களின் துணிச்சல் எந்த வகையிலும் சிறியதல்ல.

இன்னொரு கடற்பயணத்தையும் சொல்லியாக வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிளந்தன. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் காத்திருந்தது. பாட்டன் எந்தக் கரையில் தோணி ஏறினார் என்று தெரியாத பேரப்பிள்ளைகள் அதே நீரிணையைத் திரும்பக் கடந்தார்கள். உள்நாட்டுப் போரினால் 1984இல் கப்பல் நின்றது. மீதமிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

ஷாம்ரொக்கின் பாய்க்குப் பணம் கொடுத்தது இந்த மலைக் கொழுந்து. அதைப் பறித்தவர்களைக் கொண்டுவந்த பாய்த்தோணிக்கு ஏட்டில் ஒரு வரியில்லை. இது பெரிய அநியாயம். இதை நாம்தான் சரிசெய்ய வேண்டும். வேறு யாரும் செய்யப்போவதில்லை.

நாள் அதிகம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு புதைந்தன. அந்த வீடுகளின் ட்ரங்குப் பெட்டிகளும், அவற்றுக்குள் இருந்த தாள்களும் அவர்களோடு போயின.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். அப்பாயி, அம்மாயி, தாத்தா சொல்லக் கேட்டது எதுவாக இருந்தாலும் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கரை, எந்தக் கங்காணி, வழியில் யாரை இழந்தார்கள். கொப்பியில் எழுதித் திகதி போடுங்கள். தகரத் துண்டு, பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு கிடைத்தால் படம் எடுத்து, ஒரு பிரதியைத் தோட்டத்துப் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள்.

அடுத்த வாரம், கொழும்பு வழியாக வந்தவர்களை அடைத்து வைத்த ராகமை முகாம்.

(தொடரும்)