தண்டம் கட்ட வழியில்லாதவருக்கே மறியல்

மட்டக்களப்பு வாவியில் தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) வலையோடு பிடிபடும் மீனவரின் வழக்கு நெடுநாள் இழுபடுவதில்லை. வலை பறிபோகும், நீதவான் முன் நிறுத்துவார்கள், தண்டப்பணம் விதிப்பார்கள். கட்ட வழியில்லை என்றால் மறியல். படுவான்கரையில் கசிப்பு எனும் கள்ளச்சாராயத்தோடு அகப்படுபவருக்கும் இதே பாதைதான். இலங்கையில் தண்டனைக் கைதிகளாகச் சிறைக்குள் போவோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். காசிருந்தால் அன்றைக்கே வீடு திரும்பியிருப்பார்கள்.

தங்கூசி வலைக்குத் தடை வேண்டியதுதான். அறுந்து அடியில் கிடந்தாலும் அது மக்காமல் மீனைச் சிக்கவைத்துக் கொல்லும். ஆனால் வாவியைக் காக்கும் அதே கண்டிப்பு, நாட்டின் கருவூலத்தைக் காப்பதில் எங்கே போனது?

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென இலங்கை அறிவித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வாகரையிலும் வாழைச்சேனையிலும் மண்ணெண்ணெய் இயந்திரப் படகை நம்பிய குடும்பங்கள் அந்த விலையைத் தாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்களை 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பெயர் சொல்லியே காட்டியது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன், திறைசேரியின் முன்னாள் செயலாளர் எஸ்.ஆர். ஆட்டிகல உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்ப்பளித்தனர். 2019இன் வரிக்குறைப்பு, சர்வதேச நாணய நிதியத்தை நாடுவதில் தாமதம், கையிருப்பு வற்றியிருந்த 2022 ஜனவரியில் கட்டிய 50 கோடி டொலர் கடன் எல்லாம் அங்கே அலசப்பட்டன. கிடைத்த நிவாரணமோ, மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபாய் வழக்குச் செலவு. நட்டஈடு கேட்கப்படவில்லை, கொடுக்கப்படவுமில்லை.

அது அடிப்படை உரிமை வழக்கு. அதில் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. நீதியரசர்களை நான் குறைசொல்லவில்லை. ஒரு தேசத்தையே கடனில் தள்ளும் முடிவைக் குற்றமாகப் பார்க்காத சட்டத்தின் மீதுதான் என் கோபம்.

குற்றமாகப் பார்க்கப்பட்ட வழக்கிலும் இதே கதைதான். 2015 பெப்ரவரி 27இல் மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கு அறிவித்த பிணைமுறி ஏலத்தில் 1,000 கோடிக்கு மேல் ஏற்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் நீதிமன்றப் பிடியாணை இருந்தும் சிங்கப்பூரிலிருந்து திரும்பவில்லை. தங்கூசி வலைக்காரர் எந்த நாட்டுக்குத் தப்பிப் போவார்?

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணியில் ஈடுபடுத்த வழி தருகிறது. தண்டம் கட்ட இயலாத ஒவ்வொருவருக்காகவும் எங்கள் சட்டத்தரணிகள் அதை மன்றில் கேட்க வேண்டும். பொதுநிதியைப் பாழாக்குவோர் குற்றவியல் நீதிமன்றில் நிற்கும்படி சட்டம் இயற்றுமாறு, மட்டக்களப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் ஒவ்வொருவரும் கேட்போம்.