பாறை இடுக்கில் ஒரு வைக்கோற்போர்

பைக்காவைப் படத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எலி என்றே நினைப்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு, வட்டக் காது, குட்டைக் கால்கள். வால் இருந்தும் வெளியே தெரியாது. ஆனால் வாயைத் திறந்து மேல்வரிசை முன்பற்களைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பெரிய பற்கள் இரண்டுக்கும் பின்னால், ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு சின்னப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கோ அணிலுக்கோ அந்த இரண்டாம் ஜோடி கிடையாது; முயலுக்கு உண்டு. பைக்கா முயலுக்குத்தான் நெருங்கிய சொந்தம். எலியைப் போல் இருப்பதற்கு அது கொடுத்த விலை பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசியாவின் உயர்ந்த மலைகளிலும் புல்வெளிகளிலும் வட அமெரிக்க மலைகளிலுமாக ஏறத்தாழ 30 வகைப் பைக்காக்கள் இருக்கின்றன. நம் நாட்டில் லடாக்கிலும் உத்தராகண்டிலும் பார்க்கலாம். சிக்கிமில் வாழும் ஒரு வகை, பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர் அதன் மரபணுவை அலசிய பிறகு, 2016இல்தான் தனி இனம் என்று தெரியவந்தது.

குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் வழக்கம் பைக்காவுக்கு இல்லை. வெளியே எல்லாம் பனியில் புதைந்து கிடக்கும்போதும் விழித்திருக்கும், விழித்திருந்தால் பசிக்கும். அமெரிக்கப் பைக்கா இதற்காகக் கோடையிலேயே புல் அறுக்கத் தொடங்கிவிடுகிறது. தண்டும் இலையும் பூவுமாக வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு, மீசையின் இருபுறமும் கொத்துக் கொத்தாகத் தொங்க, பாறைக்கு ஓடிவரும். போட்டுவிட்டு மறுபடி ஓடும். பாறைக்கடியில் சேரும் குவியல், களத்துமேட்டு வைக்கோற்போரைச் சிறிதாக்கி வைத்ததுபோல் இருக்கும்.

அந்தப் போருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என்னை அசரவைத்த விஷயம். கொலராடோ மலைகளில் ஆல்பைன் ஏவென்ஸ் என்றொரு மஞ்சள் பூச்செடி உண்டு. அதன் இலையில் பீனாலிக் சேர்மங்கள் மிகுதி. பச்சையாகத் தின்றால் ஒத்துக்கொள்ளாது. கோடையில் பைக்கா அதைத் தின்னாது. ஆனால் போரில் அதைத்தான் நிறையச் சேர்க்கிறது. டெனிஸ் டியரிங் என்ற ஆய்வாளர் 1990களில் இதை ஆராய்ந்தபோது காரணம் விளங்கியது. அந்தச் சேர்மங்கள் பாக்டீரியாவை அண்டவிடாததால் குவியல் அழுகாமல் நிற்கிறது. மாதங்கள் போகப் போக அவற்றின் வீரியம் குறைகிறது. குறைந்த பிறகு பைக்கா அந்த இலையையும் தின்கிறது. பதப்படுத்தும் மருந்தே பின்பனிக்காலத்தில் உணவாகிவிடுகிறது!

குளிருக்கென்றே அமைந்த இந்த உடம்புக்கு வெயில் ஆகாது. ஒதுங்க நிழலில்லாமல் 25 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் மாட்டிக்கொண்டாலே அமெரிக்கப் பைக்கா இறந்துவிடக்கூடும்.

திபெத் மேட்டுநிலத்துப் பைக்காவின் வழி வேறு. திறந்த புல்வெளியில் வளை தோண்டி வாழும் இது பெரிய போர் எதுவும் போடுவதில்லை. குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தொடும் நாட்களில் உடலின் ஆற்றல் செலவைச் சுமார் 30 விழுக்காடு குறைத்துக்கொள்கிறது. போதாததற்கு யாக் மாட்டின் சாணத்தையும் தின்கிறது. ஜான் ஸ்பீக்மன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. அரைகுறையாகச் செரித்த புல் அலைச்சலில்லாமல் கிடைத்தால் அதை விடுவானேன்?

இந்தப் பைக்காவைத்தான் சீனாவில் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் எலியாகக் கருதி, 1950களின் இறுதியிலிருந்து பெரும் பரப்பில் நஞ்சு வைத்துக் கொன்றார்கள். வைத்த நஞ்சுகளில் ஒன்று சிங்க் பாஸ்பைடு, நம் ஊரிலும் வயல் எலிக்கு வைக்கும் அதே மருந்து. உண்மையில், கால்நடை அளவுக்கு மீறி மேய்ந்து புல் குட்டையான இடத்தில் பைக்கா பெருகும். எதிரி வருவது தெரியவேண்டும் என்பதால் அதற்குத் திறந்த வெளிதான் பிடிக்கும். நிலம் கெட்டதன் அறிகுறியைக் காரணமாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே நடந்த பெருந்தவறு என்று நான் நினைக்கிறேன். பைக்காவின் வளைகளில் பனிக்குருவிகள் கூடு கட்டுகின்றன. திபெத் நரியும் பல்லாஸ் பூனையும் அதை நம்பிப் பிழைக்கின்றன. பைக்காவைக் கொன்ற இடங்களில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வேகம் குறைந்திருந்ததை ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்மித்தும் உடன் ஆய்வு செய்தவரும் அளந்து காட்டினார்கள். இறங்காத நீர் சரிவில் வழிந்தோடி மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். யாங்சி, மஞ்சளாறு, மேக்காங் ஆகிய ஆறுகள் பிறப்பது இந்த மேட்டில்தான்.