குனிய மறுக்கும் முதுகு

தரையிலிருந்து தண்ணீர் வாளியைத் தூக்குவது சாதாரண வேலைதான், கீழ்முதுகில் வலி வரும்வரை. ஆரோக்கியமானவர் குனியும்போது 5 முள்ளெலும்புகள் கொண்ட கீழ்முதுகு முதலில் வளைகிறது; மீதியை இடுப்பு மூட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. முழுதாகக் குனிந்ததும் முதுகுத் தசைகள் ஓய்வெடுக்கின்றன.

வலி வந்தவர்களில் பலருக்கு இந்தக் கூட்டணி குலைகிறது. தசைகள் விறைத்தே நிற்கின்றன. முதுகு வளைய மறுக்க, இடுப்பு மூட்டுகளே பெரும்பங்கு அசைகின்றன.

பயந்துபோய் பலர் படுக்கையையும் பெல்ட்டையும் நாடுகிறார்கள். ஆனால் நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது உடற்பயிற்சியை, பெல்ட்டை அல்ல.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு, மெல்ல மெல்ல மறுபடி குனியப் பழகுவதே வழி.